நித்யா மேரியோட இஞ்ச் டேப்பும் நாங்க அடிச்ச சுண்ணாம்பும்

எங்க ஊரு பேரு செருந்தித்திட்டு. கடலூர்லேந்து சிதம்பரம் போற ரோட்டுல பாதிக்கு மேல போயி, கெழக்கால திரும்புனா மூணு கிலோமீட்டர். திட்டுன்னா மேடு. எந்தக் காலத்துல எவன் பாத்து இந்தப் பேரு வச்சானோ தெரியல, கார்த்திகையில மழ கொஞ்சம் ஒழுங்கா புடிச்சா கெண்ட மீனு வாசலுக்கே வந்து கோலத்த நக்கும்.

அந்த ஊருல மூணாவது வார்டு மெம்பரா இருந்தவன் நான், கதிரவன். எட்டாவது வரைக்கும் படிச்சேன், அதுக்கப்புறம் ஸ்கூலுக்கும் எனக்கும் மனஸ்தாபம் ஆயிடுச்சு. அதனால எழுத்துல தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. விஷயத்துல தப்பு இருக்காது. அடுத்தவுங்க விஷயத்துல மட்டும் நான் எப்பவுமே கரெக்டு.

இப்ப சொல்லப் போறது நித்யா மேரிய பத்தி.

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதுத்தாப்புல அந்தம்மாவோட சின்னக் கட, ஷாலினி ஜெராக்ஸ். ஷாலினிங்கறது அந்தம்மா பொண்ணு பேரு. உள்ள ஒரு ஜெராக்ஸ் மெஷினு, ஒரு கம்ப்யூட்டரு, கழுத்து உடைஞ்ச ஒரு டேபிள் ஃபேனு. சுத்திலும் ஆபீசுங்க, அதனால காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சா மனு டைப் பண்ண ஆளு வரிசையில நிக்கும். வீடு முதுநகர்ல. வீட்டுக்காரர் செபாஸ்டின் வெல்டிங் வேல, சாயந்தரம் சீக்கிரம் வந்து அவருதான் கொழம்பு வைப்பாரு. இத நான் சொன்னதா யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. ஆனா அந்த மத்தி மீன் கொழம்ப நான் சாப்பிட்டிருக்கேன். அப்பேர்ப்பட்ட கொழம்பு வைக்கிற புருசன் கெடச்சா யாரு வேணா ஊருக்கு உழைக்கலாம்.

பொறந்தது தேவனாம்பட்டினம். சுனாமி வந்தப்ப பதினேழு வயசு, பிளஸ் டூ. வீடு போச்சு. கேம்ப்புல வந்து ஃபாரம் குடுத்தாங்க. தெருவுல எழுதப் படிக்கத் தெரிஞ்ச பொண்ணுங்கறதால எல்லாரோட ஃபாரத்தையும் இதுதான் எழுதுச்சு. ஒருநா என்கிட்ட சொல்லுச்சு: "அழுதவுங்களுக்கு ஆறுதல் கெடச்சுது கதிரண்ணே. சரியா எழுதுனவுங்களுக்கு வீடு கெடச்சுது. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அழுவுறதுக்கு முன்னாடி எழுதிடணும்னு."

அப்புறம் கட போட்டப்ப, பஞ்சாயத்து பிரசிடெண்டுங்க மனு டைப் பண்ண வருவாங்க. எல்லா மனுவும் ஒரே மாதிரி இருக்கும். மேல நாலு வரி வணக்கம், கீழ நாலு வரி நன்றி, நடுவுல 'வெள்ளத்தால் மிகவும் அவதிப்படுகிறோம்'. இந்தம்மா கேக்கும்: "எத்தன வீடு? எவ்வளவு தண்ணி? எத்தன நாளு நின்னுச்சு?" பிரசிடெண்டு முழிப்பாரு. "மிகவும்னா எத்தன அடி சார்?" அப்படியே கேட்டுக் கேட்டு, எந்தத் திட்டத்துல எந்த ஊரு எப்படிக் கேக்கணும்னு அந்தம்மாவுக்கு அத்துப்படி ஆயிடுச்சு. புயல் பாதுகாப்பு மையமா, மதகா, கரையா, ரோட்ட ஒசத்துறதா, எல்லாத்துக்கும் எந்த ஃபைலு எந்த மேசைக்குப் போவுதுன்னு சொல்லும். கூலி டைப்பிங் கூலி மட்டுந்தான். பரங்கிப்பேட்டை பக்கம் ரெண்டு பஞ்சாயத்து அது எழுதிக் குடுத்துத்தான் மதகு வாங்குச்சு. கமிஷன் அடிக்குதுன்னு ஒரு பேச்சு ஓடிச்சு, எலெக்‌ஷன்ல நிக்கப் போவுதுன்னு இன்னொரு பேச்சு. ரெண்டாவத கெளப்பி விட்டவன் நான்தான். சும்மா, பொழுது போவல.

எங்களுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ரோடு. மெயின் ரோட்டுலேந்து ஊருக்கு வர்ற அந்த மூணு கிலோமீட்டர ஒசத்தி, நடுவுல தண்ணி போறதுக்குக் கண்ணு வச்சுக் குடுத்தா போதும். 2020-ல வெள்ளம் வந்தப்ப எங்க தெரு தமிழ்ச்செல்விக்கு இடுப்பு வலி வந்துடுச்சு. கயித்துக் கட்டில்ல படுக்க வச்சு நாலு பேரு தோளுல தூக்கிக்கிட்டு மாரளவு தண்ணியில நடந்தோம். நாலுல ஒருத்தன் நான். மெயின் ரோட்டுக்குப் போவ ரெண்டரை மணி நேரம் ஆச்சு. கொழந்த பொழைக்கல.

இதுல எனக்குக் கிண்டல் எதுவும் வராது. மேல போவோம்.

ரெண்டு தடவ மனு குடுத்தோம், ரெண்டு தடவயும் 'போதிய ஆதாரம் இல்லை'ன்னு திரும்பி வந்துச்சு. மூணாவது தடவ 2023 கடைசியில பிரசிடெண்டு சந்திரலேகாவும் நானும் நித்யா மேரி கடைக்குப் போனோம். கூடவே சந்திரலேகா வீட்டுக்காரர் இளவரசு. ரப்பர் ஸ்டாம்புல பேரு சந்திரலேகா, ஸ்டாம்பு இருக்கறது இளவரசு கையில. தமிழ்நாட்டுல இது புதுசு இல்ல, உங்களுக்கே தெரியும்.

அந்தம்மா பேப்பர படிச்சுட்டு சொல்லுச்சு: "வெள்ளப் பாதுகாப்புத் திட்டத்துக்கு இப்ப எடுக்கற லிஸ்ட்ட விட்டீங்கன்னா அடுத்தது அஞ்சு வருஷம் கழிச்சுத்தான். நான் நேர்ல வந்து அளக்கணும்."

வந்துச்சு. ஹேண்ட்பேக்லேந்து தையக்காரர் வச்சிருக்கற இஞ்ச் டேப்ப எடுத்துச்சு. "2015-ல தண்ணி எவ்வளவு வந்துச்சு?"

பக்கிரி மாமா சொன்னாரு, "மாரளவு." எறால் குட்டை வச்சிருக்காரே, அவுரு.

சபாபதி சொன்னான், "யோவ், மாரளவா? இடுப்புகூட நனையல."

"பொய் சொல்லாதடா. நான் முங்கிட்டேன்!"

"நீ குளிக்கப் போனாலே முங்கிருவ மாமா."

பக்கிரி மாமா நாலே முக்கால் அடி. சபாபதி தென்ன மரம். அந்தம்மா சிரிக்காம ரெண்டு பேரயும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சு, ஒருத்தரு மார, இன்னொருத்தரு இடுப்ப டேப்புல அளந்துச்சு. முக்கா இஞ்ச்தான் வித்தியாசம். "ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்றீங்க"ன்னு நோட்டுல குறிச்சுக்கிச்சு. எட்டு வருஷமா இதுக்காக முறைச்சிக்கிட்டு இருந்த ரெண்டு பேரு அன்னைக்கு ஒண்ணா டீ குடிச்சாங்க.

அப்புறம் வீடு வீடா போச்சு. செவுத்துல தண்ணி நின்ன சேத்துக் கறை இருக்கும்ல, அதுமேல செவப்புப் பெயிண்டால கோடு போட்டு, பக்கத்துல வருஷத்த எழுதுச்சு. நாப்பத்தோரு வீடு. போறப்ப கண்டிஷனா சொல்லிட்டுப் போச்சு: "கவர்மெண்டு டீமு வந்து நேர்ல பாத்து அளக்குற வரைக்கும் யாரும் வெள்ளையடிக்கக் கூடாது. பொங்கலா இருந்தாலும் சரி."

பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீட்ட நீங்க பாத்திருக்கீங்களா? என் சம்சாரம் புஷ்பவள்ளி ஒரு வாரம் என்கூட பேசல. அதுலயும் ஒரு சொகம் இருந்துச்சு, அத விடுங்க. எப்படியோ ஊரே பல்ல கடிச்சுக்கிட்டு அழுக்குச் செவுத்தோட பொங்கல் வச்சுது.

மாசி மாசம் தகவல் வந்துச்சு. வெள்ளிக்கெழம டீமு வருது. சென்னைலேந்து ஒரு பெரிய இன்ஜினியரு, கூட மூணு பேரு.

வியாழக்கெழம மத்தியானம் டீக்கடையில ஒக்காந்திருந்தோம். இளவரசு சொன்னாரு, "மெட்ராஸ்லேந்து ஆபீஸருங்க வர்றாங்க. இந்த மூஞ்சியோடயா ஊரு நிக்கறது?"

பக்கிரி மாமா, "மேரிம்மா வெள்ளையடிக்கக் கூடாதுன்னுச்சே."

அப்பதான் நான் வாயத் தொறந்தேன். "அது எதுக்கு அடிக்கக் கூடாதுன்னுச்சு? அளக்குறதுக்கு. அதான் அளந்து நோட்டுல எழுதி, போட்டோவும் புடிச்சுடுச்சே. நோட்டுல ஏறுன பெறவு செவுரு எதுக்கு?"

எல்லாருக்கும் சரியாப் பட்டுது. பொம்பளைங்களுக்கு அதுக்கு மேல. ஒரு மாசமா அடக்கி வச்ச ஆசை பாருங்க. சாயந்தரம் ஆறு மணிக்குள்ள நாப்பத்தோரு வீடும் சுண்ணாம்புல நீலம் போட்டு அடிச்சு பளபளன்னு நிக்குது. செருந்தித்திட்டு அவ்வளவு அழகா இருந்து நான் பாத்ததில்ல.

வெள்ளிக்கெழம காலையில ஒம்பது மணிக்கு நித்யா மேரி ஸ்கூட்டில வந்து எறங்குச்சு. ஹெல்மெட்ட கழட்டுச்சு. இந்தப் பக்கம் பாத்துச்சு. அந்தப் பக்கம் பாத்துச்சு.

"யாரோட ஐடியா?"

ஊரே என்னைத் திரும்பிப் பாத்துச்சு. ஓட்டுப் போடுறப்பகூட இவ்வளவு ஒத்துமையா பாத்ததில்ல.

"கதிரண்ணே..."

"நோட்டுல இருக்குல்ல மேரிம்மா? போட்டோ இருக்குல்ல?"

"போட்டோவுல தெரியிற செவுரு உங்க ஊரு செவுருன்னு எப்படிண்ணே நம்புவாங்க? கோட்ட நேர்ல பாத்து, அவுங்க அளந்து, அவுங்க கையெழுத்துப் போட்டாத்தான் ஆதாரம். அவுங்க அளக்கறதுக்கு இப்ப என்னா இருக்கு?"

திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். திட்டல. ஊரு மொகப்புல மாதா செலைக்குக் குகை மாதிரி கட்டியிருக்கற கெபிகிட்ட போயி, பீடத்துக்குப் பக்கத்துல இருக்கற திண்டுல ஒக்காந்துடுச்சு. தமிழ்ச்செல்வி ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. வாங்குன தண்ணிய குடிக்காம கையிலயே வச்சிருந்துச்சு. டீமு பதினோரு மணிக்கு வருது.

இந்த எடத்துல கெபிய பத்தி சொல்லணும். எங்க ஊருல வேதக்காரங்க, அதான் கிறிஸ்டியனுங்க, இருவது வீடு, மத்ததெல்லாம் நாங்க. ஆனா கெபி எல்லாருக்கும் பொது. உபயம் குடுக்கறதுல எங்களுக்குள்ள பேதமே கெடயாது, போட்டி மட்டுந்தான். மாதா நிக்கற பீடம் அடுக்கடுக்கா இருக்கும். ஒவ்வொரு அடுக்குலயும் ஒரு கருங்கல்லு, அதுல குடுத்தவன் பேரு, வருஷம். மாதா பேருகூட எங்கயும் கெடயாது. முந்தின நா ஊரையே சுண்ணாம்புல முக்குனோம், ஆனா அந்தக் கல்லுங்க மேல ஒரு பொட்டு படல. அடுத்தவன் உபயக் கல்லுல சுண்ணாம்பு பட்டா வெட்டுக்குத்து ஆயிடும்னு எல்லாருக்கும் தெரியும்.

அந்தம்மா குனிஞ்சு கண்ணு முன்னாடி இருந்த கல்ல படிச்சுச்சு. 'உபயம்: மரிய அருள், குவைத். 2006.' மேல இருந்தத படிச்சுச்சு. 'உபயம்: பக்கிரி. 2009.' சொம்ப கீழ வச்சுச்சு.

கெபிய கூட்டிப் பெருக்கறது புஷ்பமேரி அக்கா. மீன் விக்கிறவுங்க, குரலு பரங்கிப்பேட்டை வரைக்கும் கேக்கும். அவுங்கள கூப்பிட்டுச்சு. "அக்கா, இந்த அடுக்க எதுக்குக் கட்டுனாங்க?"

"எதுக்குன்னா? 2005 வெள்ளத்துல மாதா கால் நனைஞ்சு போச்சு. தாங்க முடியுமா? அதான் மரிய அருளு பணம் அனுப்பி ஒசத்துனான்."

"அதுக்கு மேல உள்ளது?"

"2008-ல மறுபடி கால் நனைஞ்சுது. பக்கிரி கட்டுனாரு. 2015-ல மறுபடி. அது ஆரோக்கிய ஜெகன் கட்டுனது."

"எவ்வளவு ஒசரம் கட்டணும்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"அது என்னா கணக்கு? இந்தத் தடவ வந்த தண்ணிக்கு மேல ஒரு சாண். சிமெண்டு விக்கிற வெலையில அதுக்கு மேல எவன் கட்டுவான்?"

அந்தம்மா எழுந்திரிச்சு நின்னுச்சு. மொகம் மாறிடுச்சு. "கால் நனையாத வருஷம் யாராவது கட்டுனாங்களா?"

புஷ்பமேரி அக்கா சுத்தும் முத்தும் பாத்துட்டு, அவுங்களுக்கு ரகசியம்னா எவ்வளவு சத்தமோ அவ்வளவு சத்தத்துல சொன்னாங்க. "ஒண்ணு இருக்கு. உச்சியில உள்ளது. 2020 வெள்ளத்துக்கு இளவரசு ஒரு அடுக்கு கட்டுனாரு, நல்ல விஷயம். ஆனா கல்லுல பேரு சின்னதா விழுந்துடுச்சு. அதனால 2022-ல பெரிய எழுத்துல இன்னொரு அடுக்கு கட்டிட்டாரு."

டீமு வந்துச்சு. பெரிய இன்ஜினியரு ஒல்லியா, பேசாத ஆளு. ஜீப்புலேந்து எறங்கி ஊர பாத்தவுடனே சொன்னாரு: "பரவால்லயே, ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க. வெள்ளம் வர்ற ஊரு மாதிரியே தெரியல."

ஒரு ஊர பாராட்டியே சாவடிக்கலாம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

நித்யா மேரி நேரா சொல்லுச்சு. "செவுத்துல கோடு இருந்துச்சு சார். நீங்க வர்றீங்கன்னு மரியாதைக்கு வெள்ளையடிச்சுட்டாங்க. அது எங்க தப்பு." எங்க தப்பாம்! நான் பண்ணத அது தலையில போட்டுக்குது. "ஆனா அளக்குறதுக்கு இன்னொண்ணு இருக்கு. இருவது வருஷமா ஊரே கட்டுனது. வாங்க."

கெபிகிட்ட கூட்டிப் போயி ஒவ்வொரு கல்லா காட்டுச்சு. அந்தாளு கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு குனிஞ்சு படிச்சாரு. தூசி தட்டிப் பாத்தாரு. நேத்து வச்ச கல்லு இல்லன்னு அவருக்கே தெரிஞ்சுது. முக்காலி மாதிரி ஒரு மட்டம் பாக்குற மெஷின நிறுத்தி, ரோட்டுலேந்து ஒவ்வொரு அடுக்கோட மேல்மட்டத்தையும் அளந்து எழுதுனாங்க. "தண்ணி படியேறி வந்துருக்குய்யா"ன்னு தன்னால சொல்லிக்கிட்டாரு. அப்புறம் எண்ணுனாரு. "அஞ்சு அடுக்கு. அஞ்சு தடவ, ஒவ்வொரு தடவயும் முந்தினத விட ஜாஸ்தி. இது நல்ல கனமான ஆதாரம்."

இளவரசு மொகத்துல ஆயிரம் வாட்ஸ் பல்பு. புஷ்பமேரி அக்காவ பாத்து கண்ணக் காட்டுனாரு. அக்கா தலைய ஆட்டுனாங்க, "ஆமாங்க சாரு, அஞ்சு தடவ."

நித்யா மேரி சொல்லுச்சு: "நாலு சார்."

இளவரசு பல்ல கடிச்சுக்கிட்டு, "மேரிம்மா, சும்மா இருங்க. ஒண்ணு கூட இருந்தா ஊருக்குத்தான நல்லது?"

"உச்சியில உள்ளது தண்ணிக்குக் கட்டல சார். பேருக்குக் கட்டுனது. அத கழிச்சுக்குங்க."

நானும் மனசுக்குள்ள 'ஐயோ'ன்னேன், மறைக்கல. ஒரு அடுக்கு, ஒரு சாணு. விட்டிருந்தா என்னா கொறஞ்சா போயிடும்? தமிழ்ச்செல்வி அங்கதான் நின்னுட்டு இருந்தா. நித்யா மேரி அவள ஒரு தடவ பாத்துச்சு, மறுபடி இன்ஜினியர பாத்துச்சு. "இத சொல்லாம விட்டா, நாளைக்கு யாராவது சொல்லுவாங்க. அப்புறம் மத்த நாலையும் நீங்க நம்ப மாட்டீங்க. அந்த நாலும் நெசம் சார்."

இன்ஜினியரு தான் எழுதுன பேப்பர எடுத்தாரு. அப்புறம் பேனாவால அஞ்சாவத அடிச்சாரு. "இதோட முப்பது ஊரு பாத்துட்டேன். எல்லா ஊருலயும் கூட்டித்தான் சொன்னாங்க. கழிக்கச் சொன்ன ஊரு இதான்." அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டாரு. வரும் வராதுன்னு எதுவும் சொல்லல. நாங்க வாங்கி வச்ச எளநியையும் குடிக்கல.

ஜீப்பு போனதும் இளவரசு கத்துன கத்து இருக்கே! "ஜெராக்ஸ் கட வச்சிருக்கறவளுக்கு என் கல்ல பத்தி என்னா தெரியும்?" அந்தம்மா ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு, "நல்ல கல்லு சார். அதுமட்டும் தண்ணியில முழுகாது"ன்னுட்டு ஸ்கூட்டிய கெளப்பிட்டுப் போயிடுச்சு. நாலு மாசம் ஒரு தகவலும் இல்ல. அந்த நாலு மாசமும் ஊருல என்னையும் திட்டுனாங்க, அதையும் திட்டுனாங்க. நான் பழக்கப்பட்டவன். அது திங்கக்கெழம ஆனா ஆபீசுக்குப் போயி ஃபைலு எங்க இருக்குன்னு விசாரிச்சிட்டு எனக்கு ஃபோன் போடும். "நகருது கதிரண்ணே. நத்த மாதிரி நகருது."

ஆனி மாசம் லெட்டரு வந்துச்சு. ரோட்ட ஒசத்தறதுக்கும் மூணு கண்ணுப் பாலத்துக்கும் ஒத்துக்கிட்டாங்க. கூடவே அந்தம்மா புயல் பாதுகாப்பு மையமும் சேத்து எழுதியிருந்துச்சு, அது கெடைக்கல. நான் ஸ்வீட்டு வாங்கிக்கிட்டு மஞ்சக்குப்பம் ஓடுனேன். அந்தம்மா ஒரு மைசூர்பாக்க வாயில போட்டுக்கிட்டு, கம்ப்யூட்டருல அடுத்த மனுவுக்கு தலைப்பு அடிச்சிட்டு இருந்துச்சு. மையத்துக்கு.

லெட்டருல ஒரு வரி இருந்துச்சு. ரோட்டு மட்டம் எவ்வளவு இருக்கணும்னா, கெபியோட நாலாவது அடுக்கு மேல்மட்டத்துக்குச் சமம். இன்ஜினியருங்க பாஷையில நம்பரு போட்டிருந்தாங்க. புஷ்பமேரி அக்காவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்: "மாதா கால் நனையாத ஒசரம்."

ஆவணியில வேல ஆரம்பிச்சுது. கார்த்திகை நடுவுல ஃபெஞ்சல் புயல். தாரு போடல, மண்ணும் ஜல்லியும்தான், ஆனா ஒசந்து நின்னுச்சு. வயல்ல ரெண்டு பக்கமும் தண்ணி கடலு மாதிரி, நடுவுல ரோடு மட்டும் ஒரு சாணு மேல. அந்த மூணாவது நா மழையில தமிழ்ச்செல்விக்கு மறுபடி வலி. எட்டு மாசந்தான், முன்னாடியே வந்துடுச்சு. அவ புருசன் செந்தமிழ்ச்செல்வன் கட்டில தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கறான், பழக்க தோஷம். "அத வைடா, ஆட்டோ வந்துட்டுது"ன்னேன். பத்து நிமிஷத்துல மெயின் ரோடு. சிதம்பரம் ஆஸ்பத்திரியில பொம்பளப் புள்ள பொறந்துச்சு. பேரு நித்யஸ்ரீன்னு வச்சிருக்காங்க. இந்தப் பேருக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல, நான் சொன்னது வேற பேரு.

தைக்குள்ள ரோடு முடிஞ்சுது. பாலத்துல உபயக் கல்லு வச்சு அந்தம்மா பேர போடலாம்னு ஊரு கூடிப் பேசுனோம். இளவரசுகூட ஒத்துக்கிட்டாரு, எழுத்து மட்டும் தன்னோடத விட சின்னதா இருக்கணும்னாரு. நான் ஃபோன் போட்டேன்.

"என் பேரு எதுக்குண்ணே? நான் ஒண்ணும் உபயம் குடுக்கல. போட்டா, ஃபெஞ்சல்ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சோ அந்த எடத்துல ஒரு கோடு போட்டு வருஷத்த எழுதுங்க. அடுத்த தடவ உதவும்."

சரின்னேன். கொத்தனார கூப்பிட்டு பாலத்து செவுத்துல கல்லுலயே கோடு வெட்ட வச்சேன், சுண்ணாம்பு அடிச்சாலும் அழியாத மாதிரி. 2024. உபயம்னு போட்டாத்தான வேணாங்கும்? அதனால கீழ, 'அளந்தது: நித்யா மேரி'ன்னு போட்டுட்டேன்.

போன மாசம் மையம் விஷயமா ஊருக்கு வந்துச்சு. ஸ்கூட்டிய பாலத்துகிட்ட நிறுத்தி எறங்கிப் பாத்துச்சு. நானு, பக்கிரி மாமா, புஷ்பமேரி அக்கா எல்லாம் மூச்சு விடாம நிக்கறோம், கண்ணுல தண்ணி விடுமா, என்னா சொல்லும்னு.

பையத் தொறந்து டேப்ப எடுத்துச்சு. ரோட்டுலேந்து கீழ கோடு வரைக்கும் அளந்துச்சு. புயலப்ப வந்து அளந்து எழுதுன நோட்ட பாத்துச்சு. மறுபடி அளந்துச்சு.

"ரெண்டு இஞ்ச் ஏத்திப் போட்டுட்டீங்களே கதிரண்ணே. கொத்தனார கூப்பிடுங்க."